இரும்புக் குழாயில் 1/5 அளவு ஆர்சி பக்கி: கூண்டு கட்டும் முறை

பெரிய ஆர்சி பக்கி ஒன்றை, அதாவது ரேடியோ ரிமோட்டில் ஓடும் மணல்வெளி வண்டியை, சொந்தமாகக் கட்ட ஆசை வந்ததும் முதலில் கை போவது குழாயில்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். படங்களைப் பார்த்து அழகாக ஒரு கூண்டு வளைத்து, பற்றவைத்து, பெயின்ட்கூட அடித்து முடித்தபிறகு எஞ்சினை உள்ளே இறக்கினால், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பகுதி பின்பக்கக் குழாயில் இடிக்கிறது. எஞ்சினை 15 மிமீ தள்ளினால் பல்சக்கரங்கள் சேராது. மூன்று வாரம் செய்த வேலையை அறுத்தெடுத்தேன். அதனால் இந்தக் கட்டுரையில் குழாய் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். சக்கரம், ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை), டிஃப் (டிஃபரன்ஷியல்), எஞ்சின், சர்வோ (ஸ்டியரிங்கையும் ஆக்ஸிலேட்டரையும் அசைக்கும் மோட்டார்) எல்லாம் ஒரு பலகையின் மேல் தங்கள் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் முதல் குழாயை அறுக்க வேண்டும். மற்ற எல்லாமே இதற்கு அப்புறம்தான்.

அளவைப் பற்றி முதலில். 1/5 அளவைத் தேர்ந்தெடுங்கள் என்பதற்குக் காரணம் உதிரி பாகம். எச்பிஐ நிறுவனத்தின் பாஹா 5பி வண்டியின் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) சுமார் 570 மிமீ, அகலம் 480 மிமீ, நீளம் 817 மிமீ. ரோவன், கிங் மோட்டார் போன்றவர்கள் இதே அளவில் வண்டியும் பாகங்களும் செய்கிறார்கள், பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று பொருந்தும். சக்கரம் மாட்டும் அறுகோணம் 24 மிமீ, டயர் 170 மிமீ விட்டம். டிஃப், டாக்போன் (டிஃப்பிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு), ஹப், ஆர்ம், ஷாக் (ஷாக் அப்சார்பர்) இவற்றையெல்லாம் வீட்டில் செய்ய முயல வேண்டாம், இந்தக் குடும்பத்திலிருந்து வாங்கிவிடுங்கள். ஒரு ஆர்ம் உடைந்தால் அடுத்த வாரம் மாற்றுவதற்கு வழி இருக்க வேண்டும். நீங்கள் கட்டப்போவது நடுவில் இருக்கும் கூண்டு. அதற்கே இரண்டு மாதம் பிடிக்கும்.

எஞ்சின் ஏன் பின்னால் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வண்டிகளின் தாத்தா, 1964இல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் செய்த மேயர்ஸ் மேங்க்ஸ் என்ற பக்கி. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்னாலேயே இருந்ததால் இதிலும் அப்படியே நின்றுவிட்டது. எடை பின்சக்கரத்தின் மேல் விழுவதால் மணலில் பிடிப்பு கிடைக்கும், முன்பக்கம் இலேசாக மேடுகளின் மேல் மிதந்து போகும். 1967இல் மேயர்ஸும் அவர் நண்பர் டெட் மேங்கல்ஸும் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் லா பாஸுக்கும் டிஹுவானாவுக்கும் இடையிலான தூரத்தை 35 மணி நேரத்துக்குள் ஓட்டிக் காட்டினார்கள், அந்த வருடமே அங்கே பந்தயமும் தொடங்கிவிட்டது. ஃபைபர் உடல் போய் முழுக்கக் குழாயால் ஆன பக்கிகள் வந்தது அதன் தொடர்ச்சி. நாம் கட்டுவது அந்தக் குழாய் பக்கியின் ஐந்தில் ஒரு பங்கு.

எஞ்சினுக்கு இரண்டு வழி. ஆர்சி வண்டிக்கென்றே வரும் 2 ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின், உதாரணமாக ஜெனோவா ஜி260, சிலிண்டர் விட்டம் 34 மிமீ, 25.4 சிசி. இன்னொன்று நம் ஊர் விவசாயக் கருவிக் கடைகளில் கிடைக்கும் புல்வெட்டி எஞ்சின். 26 சிசி, 33 சிசி, 43 சிசி, 52 சிசி எல்லாம் உண்டு, சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச்சும் (எஞ்சின் வேகம் கூடினால் தானாகப் பிடிப்பது) கூடவே வரும். விலை குறைவு, ஸ்பேர் பக்கத்துக் கடையில். ஆனால் அதன் கிளட்ச் டிரம் புல்வெட்டியின் நீளத் தண்டை ஓட்டுவதற்குச் செய்தது, அதில் பினியன் (சின்னப் பல்சக்கரம்) மாட்ட லேத்தில் ஒரு அடாப்டர் கடைய வேண்டும், அது அரைக்கால் மிமீ ஆடினாலும் பல்சக்கரம் ஒரே நாளில் தேய்ந்துபோகும். முதல் வண்டிக்கு ஆர்சி எஞ்சினையே வாங்குங்கள். 43, 52 சிசி எல்லாம் இந்த டிஃப்புக்கு அதிகம். இரண்டு வகையிலும் டயஃப்ரம் கார்புரேட்டர்தான், வண்டி தலைகீழாகக் கவிழ்ந்தாலும் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் பின்னால் கில் ஸ்விட்ச் (எஞ்சினை அணைக்கும் ஸ்விட்ச்) பற்றி வற்புறுத்திச் சொல்லப்போகிறேன்.

எந்தக் குழாய்

வெளிவிட்டம் 12.7 மிமீ, அதாவது அரை இஞ்ச், சுவர்த் தடிப்பு 1.2 மிமீ. முக்கியமான சட்டங்கள் எல்லாம் இதில். குறுக்குச் சட்டங்களுக்கு 9.5 மிமீ, அதே தடிப்பு. இதைவிடப் பெரிதாகப் போக வேண்டாம். நிறைய பேர் பயந்துகொண்டு 16 மிமீ, 1.6 தடிப்பு என்று போகிறார்கள், வண்டி 15 கிலோவைத் தாண்டி, குதித்து இறங்கும்போது அந்த எடையே ஆர்மை உடைக்கிறது.

எடையை முன்கூட்டியே கணக்குப் போடலாம். இரும்புக் குழாய்க்கு ஒரு மீட்டர் எடை கிலோவில்: வெளிவிட்டத்திலிருந்து தடிப்பைக் கழித்து, தடிப்பால் பெருக்கி, 0.02466ஆல் பெருக்க வேண்டும், இரண்டு அளவும் மிமீயில். 12.7க்கு 1.2 தடிப்பு என்றால் மீட்டருக்கு 340 கிராம். 9.5க்கு சுமார் 245 கிராம். 16க்கு 1.6 போட்டால் 568 கிராம். என் கூண்டுக்கு 12.7 குழாய் 6 மீட்டரும் 9.5 குழாய் 4 மீட்டரும் பிடித்தது, ஆக 3 கிலோ. வண்டி முழுவதும் பெட்ரோல் இல்லாமல் 12 கிலோவில் நின்றது.

கடையில் கேட்கும்போது ஈஆர்டபிள்யூ குழாய் (தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் பற்றவைத்தது) என்று கேளுங்கள், நாற்காலி, கட்டில் செய்யும் பட்டறைக்குப் போவது இதுதான். சிடிடபிள்யூ கிடைத்தால் இன்னும் நல்லது, அது குளிர்நிலையில் இழுத்தது, அளவும் சீர், பலமும் அதிகம். குரோமோலி என்று சொல்லப்படும் 4130 குழாய் கிடைத்தால் சந்தோஷம்தான், ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: அதற்குப் பலம் அதிகம், விறைப்பு சாதா இரும்புக்கும் அதற்கும் ஒன்றுதான். அதே அளவுக் குழாயை மாற்றிப் போட்டதால் கூண்டு முறுக்கிக்கொள்வது குறையாது. அலுமினியம் வேண்டாம். 6061-டி6 குழாய் கையில் இருக்கும்போது பலமாகத்தான் இருக்கும், பற்றவைத்ததும் மூட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பலம் பாதிக்குப் பாதி போய்விடும், திரும்பச் சூளையில் வைத்துப் பதப்படுத்தினால்தான் வரும். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பைத் தொடவே கூடாது. பற்றவைக்கும்போது துத்தநாகம் புகையாகி, இரவில் குளிர்காய்ச்சல் மாதிரி ஆளை உலுக்கிவிடும்.

பலகையில் இருந்து தொடங்குங்கள்

18 மிமீ பிளைவுட் ஒன்று, 1 மீட்டருக்கு 60 சென்டிமீட்டர். வளையாமல் இருக்கிறதா என்று நீளமான ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு, அதற்குச் செங்குத்தாக முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று, இடையில் 570. இந்த மூன்று கோடுகளைக் கடைசிவரை அழியவிடாதீர்கள், பென்சிலில் போட்டு அதன்மேல் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

பின்பக்கக் கியர்பாக்ஸையும் முன்பக்க ஆர்ம்கள் மாட்டும் பெட்டியையும் மரக்கட்டை முட்டுக்கொடுத்து, உயரம் சரிபார்த்து, பலகையில் திருகிவிடுங்கள். சக்கரங்களை மாட்டி, வண்டி நிற்கும் உயரத்தில் வையுங்கள். பின்பக்க டாக்போன் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக இருக்கும் நிலைதான் நிற்கும் உயரம். அப்புறம் ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே முழுக்கத் தூக்கி, முன்சக்கரங்களை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் எதுவரை வருகிறது என்று பலகையிலும் ஒரு நிற்கும் அட்டையிலும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டிலிருந்து 10 மிமீ தூரத்துக்குள் குழாய் எதுவும் வரக்கூடாது. சேறு பிடித்த டயர் சுத்தமான டயரைவிடப் பெரியது.

எஞ்சினுக்குப் பதில் ஒரு மர மாதிரி செய்யுங்கள். நிஜ எஞ்சினை வைத்துக்கொண்டு பற்றவைத்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும், தீப்பொறி கார்புரேட்டரில் விழும். நான் செருப்பு அட்டைப்பெட்டியையும் பிளைவுட் துண்டுகளையும் வைத்து எஞ்சின், சைலன்ஸர், ஏர் ஃபில்டர் மூன்றையும் சேர்த்தே செய்தேன். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கக் கை போக இடம், ஸ்பார்க் பிளக் கழற்ற ஸ்பேனர் போக இடம், ஃபிளைவீல் விசிறிக்குக் காற்று உள்ளே போக இடம், இந்த மூன்றும் அந்த மாதிரியிலேயே தெரிந்துவிடும். பெட்ரோல் டேங்கையும் இரண்டு சர்வோக்களையும் இதே மாதிரி வைத்துவிடுங்கள்.

இப்போது பலகையைச் சுற்றிப் பாருங்கள். கூண்டு எங்கே போக முடியும், எங்கே போக முடியாது என்று தானே சொல்லும். பழுப்புத் தாளில் பக்கவாட்டுத் தோற்றமும் மேல்தோற்றமும் நிஜ அளவிலேயே வரைந்துகொள்ளுங்கள்.

முக்கோணம்

பந்தல் போடுகிறவர்கள் நாலு கால் நட்டு மேலே கழி கட்டியதும் வேலை முடிந்தது என்று இறங்குவதில்லை, குறுக்கே ஒரு கழியைச் சாய்த்துக் கட்டுவார்கள், அதற்கு அப்புறம்தான் பந்தல் ஆடாமல் நிற்கும். கூண்டும் அதுதான். நாலு குழாய் சேர்ந்த சதுரம் மூட்டுகளின் பலத்தில் மட்டுமே நிற்கிறது, ஒரு மூலையைத் தள்ளினால் சாய்சதுரமாகிவிடும். மூலைக்கு மூலை ஒரு சாய்வுச் சட்டம் போட்டால் குழாய் நீளத்தில் மாறினால்தான் வடிவம் மாறும், இரும்பு அப்படி நீளாது.

தரைப்பகுதியில் இரண்டு நீளச் சட்டங்கள், இடையில் ஐந்து குறுக்குச் சட்டங்கள், அதில் நடுக்கட்டத்தில் கட்டாயம் ஒரு எக்ஸ் அல்லது ஒற்றைச் சாய்வு. பக்கவாட்டில் மூக்கிலிருந்து கூரை வழியாக வால் வரை ஒரே குழாயாக ஓடும் மேல்சட்டம், இடுப்பு உயரத்தில் ஒன்று, இரண்டுக்கும் இடையில் சாய்வுகள். எஞ்சினை மேலிருந்து எடுக்க வேண்டும் என்பதால் பின்பக்கம் மேலே திறந்தே விட வேண்டியிருக்கும், அங்கே சாய்வுச் சட்டத்தை போல்ட் போட்டுக் கழற்றுகிற மாதிரி செய்யுங்கள், இல்லாமல் விட்டுவிடாதீர்கள். முறுக்கு அதிகம் விழும் இடமே அதுதான்.

ஷாக்கின் மேல்முனை எங்கே மாட்டுகிறது என்பதை இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். மூன்று குழாய் சேரும் மூட்டில்தான் அது வர வேண்டும். ஓட்டும் அளவுக்கு வந்த என் முதல் கூண்டில் பின் ஷாக்குகளை இரண்டு மூட்டுகளுக்கு நடுவில், வெறும் குழாயின் முதுகில் மாட்டியிருந்தேன். ஒரு மணல்மேட்டிலிருந்து முழங்கால் உயரத்துக்குத்தான் குதித்தது. இறங்கியபோது எதுவும் உடைந்த சத்தம் இல்லை, வண்டியும் ஓடியது, ஆனால் பின்பக்கம் மட்டும் தாழ்ந்து நின்றது. வீட்டுக்கு வந்து ஸ்கேலை வைத்துப் பார்த்தால் 12.7 குழாய் வில் மாதிரி 6 மிமீ மேலே வளைந்திருந்தது, வளைவின் உட்பக்கத்தில் பெயின்ட் பொடிப்பொடியாகச் சுருங்கியிருந்தது. அதே குழாயை நீளவாக்கில் அழுத்தினால் அந்த விசையைச் சிரமமில்லாமல் தாங்கும். குறுக்கே அடித்தால் தாங்காது. இரண்டாவது கூண்டில் அந்த இடத்துக்குக் கீழிருந்து, கியர்பாக்ஸ் மாட்டும் தகட்டிலிருந்து நேராக ஒரு 9.5 சட்டம் ஏற்றினேன். 60 கிராம் கூடியது. இன்றுவரை அசையவில்லை.

வளைப்பது

வளைவின் நடுக்கோட்டு ஆரம் குழாய் விட்டத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்கட்டும், 12.7க்கு 38 மிமீ. அதற்குக் கீழே போனால் உட்பக்கம் நசுங்கும். 90 டிகிரி வளைவுக்கு இந்த ஆரத்தில் 60 மிமீ குழாய் செலவாகும், நீளம் குறிக்கும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் கை பெண்டர் செம்புக்குச் செய்தது, இரும்புக் குழாயை இரண்டு தடவை வளைத்ததும் அதன் கைப்பிடி ஆட ஆரம்பிக்கும். ஸ்டீல் டியூப் ஃபிட்டிங் வேலை செய்பவர்களின் பெண்டர்தான் வேண்டும், நாள் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். அதுவும் கிடைக்காவிட்டால் குழாயில் நன்றாகக் காய்ந்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு முனையையும் மரஆப்பால் இறுக்கி அடைத்து, கட்டை அச்சில் வளைக்கலாம். மணலில் ஈரம் இருந்து, குழாயைச் சூடும் பண்ணினால், ஆப்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். சூடு பண்ணாமல் வளையுங்கள்.

ஈஆர்டபிள்யூ குழாயில் நீளவாக்கில் ஒரு தையல் கோடு இருக்கும். குழாய்க்குள் டார்ச் அடித்தால் தெரியும். வளைக்கும்போது அந்தக் கோடு பக்கவாட்டில் இருக்கட்டும், இழுபடும் வெளிப்பக்கமும் வேண்டாம், அழுந்தும் உட்பக்கமும் வேண்டாம். இரண்டு மூன்று டிகிரி திரும்பி நிமிரும், அதற்கேற்பக் கூடுதலாக வளைக்க வேண்டும். இடது வலது இரண்டு சட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட்டுக்கொண்டே செய்யுங்கள். ஒன்று வரைபடத்திலிருந்து 2 மிமீ விலகினால் பரவாயில்லை, இரண்டும் ஒரே மாதிரி விலகியிருக்க வேண்டும்.

மூட்டு

இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் முதுகில் உட்காரும் இடத்தில் மீன் வாய் மாதிரி ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். அந்தப் பள்ளம் சரியாக இருந்தால் சுமாராகப் பற்றவைக்கத் தெரிந்தவரும் நல்ல மூட்டு போட்டுவிடுவார். இடைவெளி இருந்தால் எப்பேர்ப்பட்ட வெல்டராக இருந்தாலும் 1.2 மிமீ சுவரில் ஓட்டை விழும், ஓட்டையை அடைக்க இன்னும் சூடு, சூட்டால் சட்டம் கோணலாகும்.

12.7 அளவுக்கு ஹோல் சா (வட்டத் துளை போடும் ரம்பம்) தேடி அலைய வேண்டாம். வைஸில் குழாயைப் பிடித்து, ஹாக்ஸாவால் முனையில் இரண்டு சாய்வு வெட்டு போட்டு வி மாதிரி ஆக்குங்கள், அப்புறம் 12 மிமீ உருண்டை அரத்தால் ராவுங்கள். இரண்டு காதும் சம நீளமாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே, பத்து இழுப்புக்கு ஒரு தடவை எதிர்க் குழாயில் வைத்து, பின்னால் டார்ச் அடித்து வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பாருங்கள். வெளிச்சம் இல்லாத பக்கம்தான் இன்னும் ராவ வேண்டிய பக்கம், அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு முனைக்கு எனக்கு முதலில் 25 நிமிடம் ஆனது, இப்போது எட்டு நிமிடம். சாய்ந்து சேரும் குழாய்க்கு ஒரு காது நீளமாக வரும், அதற்குக் காகிதத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டால் எளிது. குழாயை எப்போதும் 2 மிமீ நீளமாகவே அறுத்துவிட்டு, ராவிக் குறையுங்கள்.

இரண்டு முனையும் அடைபடும் குழாய் எதுவாக இருந்தாலும், அது உட்காரும் எதிர்க் குழாயில், பள்ளத்துக்குள் மறைகிற இடத்தில், 2 மிமீ துளை ஒன்று போடுங்கள். உள்ளே சூடாகும் காற்று வெளியே போக வழி இல்லாவிட்டால் கடைசி மூட்டை மூடும்போது உருகிய உலோகத்தைத் துப்பிக்கொண்டு வரும்.

பற்றவைப்பது

ஆர்கான் வெல்டிங் முதல் தேர்வு, 40 ஆம்பியர் சுற்றுவட்டாரத்தில், 1.6 மிமீ ஃபில்லர் கம்பி. கணபதி, பீளமேடு பக்கமெல்லாம் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஆர்கான் வெல்டர்கள் இருக்கிறார்கள், கோவையில் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி. சிஓடூ வெல்டிங் என்றால் 0.8 கம்பியில், ஒரு விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல் பொட்டுப் பொட்டாக. ராடு வெல்டிங்கில் இந்தத் தடிப்புக்கு ஓட்டை விழாமல் அடிப்பது மிகவும் கஷ்டம். பித்தளைக் கம்பியும் வெங்காரமும் போட்டு கேஸில் பிரேசிங் செய்வது பழைய சைக்கிள் கட்டும் முறை, இரும்பு உருகுவதே இல்லை என்பதால் மெல்லிய குழாய்க்கு மிகப் பொருத்தம், மூட்டைச் சுற்றிப் பித்தளை நல்ல வளைவாக நிரம்ப வேண்டும். ஒன்று மட்டும்: பித்தளை பட்ட மூட்டில் பிறகு ஆர்க் வெல்டிங் செய்தால் விரிசல் விடும். எந்த முறையோ அதையே கடைசிவரை பின்பற்றுங்கள்.

முதலில் எல்லா மூட்டுக்கும் இரண்டிரண்டு டேக் (தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் பொட்டு வெல்டிங்) மட்டும். தரைச் சட்டம் முழுவதையும் பலகையிலேயே டேக் வைக்கலாம், மூட்டுக்குக் கீழே ஒரு தகட்டுத் துண்டு வைத்தால் மரம் கருகாது. ஆர்ம், சக்கரம், பிளாஸ்டிக் எல்லாம் அதற்கு முன்பே கழற்றியிருக்க வேண்டும், கியர்பாக்ஸ் இடத்தில் அதே துளைகள் போட்ட ஒரு இரும்புத் தகடு நிற்கட்டும். மேல்கூண்டையும் டேக் வைத்து முடித்ததும் மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள், இடது முன்னிலிருந்து வலது பின், வலது முன்னிலிருந்து இடது பின். வித்தியாசம் 1 மிமீக்குள் இருக்க வேண்டும். இருந்தால் எல்லாப் பாகங்களையும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள், எஞ்சின் மாதிரியையும் உள்ளே இறக்கி வெளியே எடுங்கள். டேக்கை அறுப்பது இரண்டு நிமிட வேலை, முழு மூட்டை அறுப்பது அரை நாள்.

முழுதாகப் பற்றவைக்கும்போது ஒரே பக்கமாகப் போகாதீர்கள். வலது முன் ஒரு மூட்டில் கால்வாசி, அப்புறம் இடது பின், அப்புறம் நடு, இப்படித் தாவித் தாவி. நான் ஒரு தடவை இடது பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு வலதுக்குப் போனேன், ஆறியதும் கூண்டு 4 மிமீ முறுக்கியிருந்தது, நாலு சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொடவில்லை. தண்ணீர் ஊற்றி ஆற வைக்கவும் வேண்டாம்.

போல்ட் போகும் இடங்களுக்கு வெறும் குழாயைத் துளைத்து இறுக்கக் கூடாது, நசுங்கும், நசுங்கினால் போல்ட் தளரும். 8 மிமீ உருண்டைக் கம்பியை லேத்தில் கொடுத்து, குழாய் விட்டத்தைவிட 1 மிமீ நீளமாக, நடுவில் 5 மிமீ துளையுடன் புஷ் கடைந்து வாங்குங்கள். குழாயில் குறுக்கே 8 மிமீ துளை போட்டு அந்தப் புஷ்ஷை நுழைத்து, இரண்டு பக்கமும் சுற்றிப் பற்றவைத்து, மட்டமாக அரம் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் அசையாது. தகடு மாட்டும் காதுகளுக்கு 3 மிமீ இரும்பு போதும், மூலைகளை உருண்டையாக்கிவிடுங்கள், கூர்மையான மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

பெயின்டுக்கு முன் சோதனை. மூன்று மூலையை மரக்கட்டையில் வைத்து, நாலாவதை அழுத்திப் பாருங்கள். கையால் அழுத்தி 2 மிமீக்கு மேல் போனால் எங்கோ சாய்வுச் சட்டம் குறைகிறது. அப்புறம் கூரையின் மேல் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை வைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் அதே மூலைவிட்டங்களை அளக்கும்போது அளவு மாறக்கூடாது.

பவுடர் கோட்டிங் செய்தால் நன்றாக உழைக்கும், திரெட் உள்ள இடங்களில் பழைய போல்ட்டைத் திருகி அடைத்துக் கொடுங்கள். பிரேசிங் செய்தவர்கள் வெங்காரக் கண்ணாடியைச் சுடுநீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுக்காவிட்டால் அதன்மேல் பெயின்ட் நிற்காது.

ஸ்டியரிங், பல்சக்கரம், ரேடியோ

ஸ்டியரிங் சர்வோ 25 முதல் 30 கிலோ-செமீ டார்க், உலோகப் பல்சக்கரம் உள்ளது. சர்வோ சேவர் (அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் இணைப்பு) இல்லாமல் மாட்டாதீர்கள், ஒரு கல்லில் மோதினால் சர்வோவின் பல் போய்விடும். சக்கரத்தைத் திருப்பும் டை ராடும் ஆர்மும் முன்னாலிருந்து பார்க்கும்போது கிட்டத்தட்ட இணையாகவும் ஒரே நீளமாகவும் இருக்கட்டும். இல்லையென்றால் சக்கரம் மேலே ஏறும்போதெல்லாம் தானாகத் திரும்பும், மேடு பள்ளத்தில் வண்டி நேராகவே போகாது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும், தெரிந்தால் ஸ்டியரிங் மேடையை ஏற்றி இறக்கிச் சரிசெய்யலாம். அந்த மேடைக்கு மட்டும் நீளத் துளை போட்டு வைத்தது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

எஞ்சின் 6 மிமீ அலுமினியத் தகட்டின் மேல் உட்காரட்டும். பினியனுக்கும் அது ஓட்டும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு துண்டு நோட்டுத் தாளை வைத்து, இரண்டையும் சேர்த்து அழுத்தி, எஞ்சின் போல்ட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுழற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் மடிப்பு மடிப்பாக, கிழியாமல் வந்தால் இடைவெளி சரி. எல்லா உலோக திரெட்டிலும் நீல நிற லாக்டைட் (திரெட் தளராமல் பிடிக்கும் பசை), மற்ற இடங்களில் நைலாக் நட் (நைலான் வளையம் உள்ள தளராத நட்).

இரும்புக் கூண்டுக்கென்றே ஒரு பிரச்சினை இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 12.5 செமீ நீளம், கூண்டும் எஞ்சினும் அதை எளிதாக மறைத்துவிடும். ரிசீவரை பிளாஸ்டிக் பெட்டியில் எஞ்சினுக்கு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு முன்னால் வையுங்கள், ஆன்டெனாவின் உரித்த நுனியை மட்டும் ஒரு பிளாஸ்டிக் குழாயில் செருகி கூரைக்கு மேலே நிமிர்த்திவிடுங்கள். ஸ்பார்க் பிளக் ரெசிஸ்டர் உள்ளதாக இருக்க வேண்டும், சிஎம்ஆர்7எச் மாதிரி. அப்புறம் ஃபெயில்சேஃப்: சிக்னல் போனால் ஆக்ஸிலேட்டர் மூடி, பிரேக் பிடிக்க வேண்டும். ரிசீவரின் பேட்டரியே தீர்ந்தால் ஃபெயில்சேஃப் வேலை செய்யாது, அதனால் தனியாக ஒரு ரிமோட் கில் ஸ்விட்ச், மின்சாரம் போனாலும் எஞ்சினை அணைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். 12 கிலோ வண்டி மணிக்கு 60 கிமீ வேகத்தில் போகும்போது அதன் வேகசக்தி, அதே எடையை 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடிக்கு மேலிருந்து போடுவதற்குச் சமம். குழந்தைகள் விளையாடும் இடம், ரோடு, நாய் திரியும் இடம் எதிலும் ஓட்டாதீர்கள். காய்ந்த ஏரிப் படுகையோ யாரும் இல்லாத தரிசோ பாருங்கள், கூட வருபவர்கள் உங்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

முதல் ஓட்டம்

25க்கு 1 கலவை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நல்ல 2டி ஆயில் 40 மில்லி. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டர் டயஃப்ரத்தை விறைக்க வைக்கும். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி பண்ணி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்துவையுங்கள். வேண்டிய அளவு மட்டும் அன்றன்றைக்குக் கலக்குவது என் பழக்கம்.

முதலில் ஸ்டார்ட் செய்யும்போது பின்பக்கத்தைக் கட்டையில் தூக்கி வையுங்கள். ஐட்லிங்கில் சக்கரம் சுழன்றால் ஐடில் ஸ்க்ரூவைக் குறைக்க வேண்டும், கிளட்ச் அப்போது பிடிக்கவே கூடாது. டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள், எஞ்சின் அடங்கி பிரேக் விழுகிறதா. கில் ஸ்விட்ச்சையும் அழுத்திப் பாருங்கள். இரண்டும் மூன்று தடவை சரியாக வேலை செய்த பிறகுதான் தரையில் இறக்க வேண்டும். முதல் இரண்டு டேங்க்கை அரை ஆக்ஸிலேட்டருக்கு மேல் போகாமல், நடுநடுவே ஆறவிட்டு ஓட்டுங்கள்.

முதல் டேங்க் தீர்ந்ததும் வண்டியைத் திருப்பிப் போட்டு, ஈரத் துணியால் ஒவ்வொரு மூட்டையும் துடைத்து, வெல்டிங்குக்குப் பக்கத்தில் குழாயின் மேல் மயிரிழை மாதிரி பெயின்ட் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். துடைத்தும் அந்தக் கோடு போகாமல், இரண்டு நாளில் அதில் துருநிறம் கசிந்தால் அது இரும்பிலேயே விழுந்த விரிசல். அதன்மேல் திரும்ப வெல்டிங் அடித்து மூடாதீர்கள். விரிசலின் இரண்டு முனையையும் தாண்டி அந்தத் துண்டை அறுத்து எடுத்துவிட்டு, புதுக் குழாய் வைத்து, அந்தக் கட்டத்தில் எந்தச் சாய்வு குறைகிறது என்று பார்த்து அதையும் சேர்த்தே போடுங்கள். என் இரண்டாவது கூண்டில் முன்பக்க ஷாக் மூட்டுக்குக் கீழே அப்படி ஒன்று வந்தது, ஒரு 9.5 சட்டம், 110 மிமீ நீளம், அத்தோடு நின்றுபோனது.